டாங்கி காங் ஆட்டப்பெட்டி, மீட்பு

நிண்டெண்டோ 1981இல் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு டாங்கி காங். வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிய ‘ரேடார் ஸ்கோப்’ விளையாட்டுப் பெட்டிகளையே முதலில் இதற்கு மாற்றினார்கள். அவை சிவப்பு, பின்னால் வந்தவை நீலம். எனவே புதுப்பிப்பவர் பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் அடிநிறத்தைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. சிவப்பின்மேல் நீலம் பூசுவது, பளபளப்புக்காக வரலாற்றை அழிப்பதுதான்.

ஈரத்தில் ஊதிய அடிப்பலகையை வெட்டி ஒட்டுப்போடலாம். ஆபத்து படக்குழாயில்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஒயரால் உலோகச் சட்டத்தோடு இணைத்த, காப்புப் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரை குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து அந்த மின்னழுத்தத்தை வடித்த பிறகே பழைய கெப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும். சாதாரண மானிட்டரை நேரடியாக மாட்டினால் நிறங்கள் தலைகீழாகும். நிண்டெண்டோ போர்டின் வீடியோ சிக்னல் அப்படி.