கவர்னர் தோட்டத்து மானும் டெக்சாஸ் பண்ணை மானும்

சர்தார் படேல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது மான் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்காத அடையாறுக்காரர் யாராவது உண்டா? எனக்கு அந்த வியாதி இன்னும் போகவில்லை. ஆனால் நடு ஊரில், இவ்வளவு விலை போகிற மண்ணில், மான் எப்படித் தங்கியது என்று யோசித்தால் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அது வேட்டைக் காடாக இருந்ததால்தான் தங்கியது.

கிண்டி லாட்ஜ் தனியார் கையில் இருந்த சொத்து. 1821-ல் அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. கவர்னருக்கு கோட்டையிலும் சேப்பாக்கத்திலும் வேலை. மூச்சு விட கிண்டி. பங்களாவைச் சுற்றியிருந்த சுமார் 505 ஹெக்டேர் புதர்க்காடு அவருடைய வேட்டை நிலம். வேளச்சேரிக்காரனோ கோட்டூர்க்காரனோ உள்ளே போய் ஒரு முயல் பிடிக்க முடியாது. 1910-ல் அது ரிசர்வ் காடாகவும் ஆனது. ஒரே சொந்தக்காரர், ஒரே கேட். வேலிக்கு வெளியே இருந்ததெல்லாம் வயலாகி, அப்புறம் மனையாகி, அப்புறம் அபார்ட்மெண்ட் ஆனதே, அதோடு ஒப்பிட்டால் புரியும்.

இப்போது டெக்சாஸுக்கு ஒரு தாவு தாவுவோம் (டிக்கெட் செலவில்லை :-)). அங்கே 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் நிலம். மான் சட்டப்படி மக்களுடைய சொத்து, ஆனால் அது மேய்கிற புல் பண்ணைக்காரருடையது. அதனால் ஒரு ஏற்பாடு. பண்ணைக்காரர் தன் நிலத்தில் எத்தனை மான், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று கணக்கெடுத்து, காட்டைச் சீர்செய்து, அரசின் வனவிலங்குத் துறைக்குக் காட்ட வேண்டும். துறை அந்த நிலத்துக்கென்று இத்தனை மான் சுடலாம் என்று சீட்டு தரும். வேட்டைக்காலமும் மற்றவர்களைவிட நீளம். பண்ணைக்காரர் வேட்டைக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார். விளைவு? காசும் கேட்டும் உள்ளவனுக்கு வேட்டை வாய்ப்பு கூடுகிறது. இல்லாதவன் மீதமிருக்கும் கொஞ்சம் பொது நிலத்தில் கூட்டத்தோடு அலைய வேண்டியதுதான். மான் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் வாசற்படி ஒருவருக்குச் சொந்தம்!

நம்மூரில் இது நடக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊட்டியில் 1877-ல் நீலகிரி கேம் அசோசியேஷன் தொடங்கினார்கள். 1879-ல் அதற்கென்றே மெட்ராஸ் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. லைசென்ஸ், கட்டணம், சுடக்கூடாத மாதங்கள், எல்லாம் வந்தன. மான் பிழைத்தது, அது உண்மை. காட்டிலேயே வாழ்ந்த பழங்குடி ஆள் தன் ஊரிலேயே திருடனானான், அதுவும் உண்மை.

சமவெளி விவசாயிக்கு மட்டும் ஒரு சந்து விட்டு வைத்தார்கள். 1912-ன் காட்டுப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டம், உண்மையிலேயே தன் சொத்தைக் காக்கக் கொன்றால் குற்றமில்லை என்றது. கடலைக் காட்டில் மான் இறங்கினால் சுடலாம், யாரிடமும் சீட்டு வாங்க வேண்டாம். பயிர்க்காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் என்று 1959 ஆயுதச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிகள் பயிரை மட்டுமா காத்தன என்று கேட்டால், கறி தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

1972-ல் எல்லாம் மாறியது. வனவிலங்குச் சட்டம் வந்தது. முதலில் சில விலங்குகளுக்கு வேட்டை லைசென்ஸ் இருந்தது; 1991 திருத்தத்தில் அதுவும் போச்சு. மிச்சம் இருப்பது 11-ஆம் பிரிவு. புள்ளிமான் மாதிரி விலங்கு பயிரை அழித்தால், தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ காரணம் எழுதி, சுட அனுமதி தரலாம். வெளிமான் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது, மனித உயிருக்கு ஆபத்து என்றால்தான், அல்லது பிழைக்காத நோய் என்றால்தான். சுட்ட மானும் அரசாங்கச் சொத்து. டெக்சாஸ்காரர் கறியைக் கட்டி எடுத்துப் போவார். நம்மவர் சட்டப்படி ஒரு துண்டு எடுக்க முடியாது. அப்புறம் யார் மனுப் போட்டு, யார் கையெழுத்துக்கு அலைவார்?

கிண்டிக்கு வருவோம். 1958-ல் அந்தக் காட்டிலிருந்து ஒரு பகுதி ஐஐடிக்குப் போனது. பிறகு ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள், கல்வி நிறுவனங்கள் என்று இன்னும் கொஞ்சம் போனது. மீதி 1977-ல் வனத்துறை கைக்கு வந்து, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். மானுக்கு இந்தப் பத்திரப் பதிவெல்லாம் தெரியாதே. பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐஐடி மூன்றிலும் மேய்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது வெளிமான் விஷயம். அதற்கு வெட்டவெளிப் புல்தரை வேண்டும், ஓடுவதற்கு. போலோ மைதானம் என்று இன்றும் பெயர் இருக்கும் திடல் மாதிரி. புள்ளிமான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. மர நிழலிலும் புதரிலும் சௌகரியமாகப் பெருகும். சிறுத்தையோ செந்நாயோ கிடையாது, குட்டியைத் தூக்க நரியும் தெருநாயும்தான். திடலில் மரம் மண்டினாலோ கட்டடம் எழும்பினாலோ ஒதுங்குவது வெளிமான். டெக்சாஸாக இருந்தால் இந்த வருடம் இத்தனை பெண் புள்ளிமான் என்று சீட்டு கிழித்திருப்பார்கள். இங்கே நிலத்துக்காரரான ஐஐடியால் ஒரு மானை இடம் மாற்றக்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது.

அதற்காக அடையாறில் துப்பாக்கி வெடிக்கணும்னு நான் சொல்லவில்லை, அடிக்க வராதீங்க! பணம் உள்ளவனுக்குக் கேட் திறக்கிற ஏற்பாட்டைவிட யாருக்குமே வேட்டை இல்லை என்பது எனக்குச் சம்மதம்தான். ஆனால் அந்தப் பண்ணைக்காரர் செய்கிற முதல் வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. வேலிக்குள் எத்தனை, எந்த மான், புல் எவ்வளவு என்று எண்ணிக் கணக்குக் காட்டுகிறார். கிண்டியில் மூன்று வளாகத்தையும் ஒரே காடாக வைத்து அப்படி எண்ணி, புள்ளிமானைக் கொஞ்சம் வெளிக்காட்டுக்கு மாற்றி, திடலைத் திடலாக வைக்கலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறை ஆட்களே சுடலாம் என்று அறிவித்தது. அங்கேயும் துப்பாக்கி நிலத்துக்காரர் கையில் இல்லை. பன்றிக்குக் கிலோமீட்டர் கணக்குப் போட்டவர்கள், வெளிமானுக்குப் புல்தரைக் கணக்கும் போடட்டும்.