ஒரு ஆய்வு ‘ஆம்’, இன்னொன்று ‘தெரியாது’... எதை நம்புவது? ‘ரெவ்மேன்’ செய்யும் வேலை இதுதான்!

குறைப்பிரசவ ஆபத்துள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். நியூசிலாந்தில் நடந்த முதல் பரிசோதனை 1972-லேயே வெளியானது. அடுத்து வந்த சிறு ஆய்வுகளில் பல, தனித்தனியா பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. டாக்டர்கள் தயங்கினாங்க. பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன.

அப்படிப்பட்ட 7 ஆய்வுகளை ஒன்றாக்கிய வரைபடம்தான் காக்ரேன் அமைப்பின் லோகோ!

இந்தக் கணக்கைப் போடத்தான் காக்ரேனின் ‘ரெவ்மேன்’, இலவசமாகக் கிடைக்கும் ‘மெட்டாஃபார்’ போன்ற மென்பொருள்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கோடு. கோடு நீளமா இருந்தா சந்தேகம் அதிகம். அதற்கு எடையும் குறைவு. அடியில் வரும் டைமண்ட், மொத்த முடிவு. அது நடுக்கோட்டைத் தொடாமல் விலகி நின்றால், கிடைத்த பலன் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஆனா, மோசடி ஆய்வைக் கொடுத்தாலும் மென்பொருள் அதையும் கூட்டி டைமண்ட் போட்டுத் தந்துவிடும். அதை மனுஷங்கதான் படிச்சுக் கண்டுபிடிக்கணும்.