பி.பி. நம்பர்

வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் வழக்கம் 2020-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயோடு பிறந்தது என்று இக்காலத்து இளைஞர்கள் நினைக்கிறார்கள். ரவிக்கை தைத்தவர்களும், அப்பளம் இட்டு விற்றவர்களும், ஜாதகம் பார்த்தவர்களும், வீட்டுத் தரகர்களும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் திண்ணையும் கூடமுந்தான் ஆபீஸ். அந்த ஆபீஸில் இல்லாதது டெலிபோன் ஒன்றுதான். அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. ஆகவே நானே எழுதத் துணிந்தேன்.

டெலிபோன் நம் நாட்டுக்குத் தாமதித்து வந்த சாமான் அல்ல. கிரஹாம் பெல் 1876-ல் காப்புரிமை பெற்றார். 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பட்டணங்களிலும் எக்ஸ்சேஞ்சு திறந்தாகிவிட்டது. ஆனால் அது சர்க்கார் காரியாலயத்துக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் பங்களாக்காரர்களுக்கும் வந்த டெலிபோன். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல், பெங்களூரில் சர்க்காரே தொழிற்சாலை நிறுவிக் கருவி செய்யத் தொடங்கியது. அப்படியும் லயன் கேட்டவர்களின் ஜாபிதாதான் நீண்டதே தவிர, லயன் நீளவில்லை.

அந்த ஜாபிதாவிலும் ஜாதிகள் உண்டு. முன்பணம் பெரிதாகக் கட்டக்கூடியவர்கள் 'ஓ.ஒய்.டி.' என்ற வரிசையில் நின்றார்கள். 'உன் டெலிபோனுக்கு நீயே சொந்தக்காரன்' என்று அதற்கு அர்த்தம். டாக்டர், பத்திரிகை நிருபர் போன்றவர்களுக்கு விசேஷ வரிசை. மற்றவர்கள் எல்லோரும் பொது வரிசை. தையற்காரி எந்த வரிசை என்று சொல்லவும் வேண்டுமா? பொது வரிசையில் விண்ணப்பம் போட்ட நாளில் பிறந்த குழந்தை, டெலிபோன் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்விடும். இது மிகையல்ல, எண்பதுகளில் பல ஊர்களில் நடந்ததுதான்.

அப்போது மலிவான வழியாக வாய்த்ததுதான் பி.பி. நம்பர். டிரங்கு கால் காலத்தில் குறிப்பிட்ட ஆளே வந்து பேசினால்தான் முழுக் கட்டணம் என்று ஒரு வகை அழைப்பு இருந்தது. அதற்குப் பெயர் பி.பி. கால். அந்த இரண்டெழுத்துத்தான் பிறகு விஸிட்டிங் கார்டுக்குக் குடியேறியது என்பார்கள். கார்டில் ஒரு நம்பர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. அதாவது, நம்பர் என்னுடையதல்ல, எதிர்வீட்டுக்காரருடையது; அவர் மனசு வைத்துக் கூப்பிட்டால் நான் வருவேன்.

திருவல்லிக்கேணியில் என் சித்தி ஒருத்தி தையல் மிஷினை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். 1990-வாக்கில் அவளுடைய பி.பி. நம்பர் எதிர்வீட்டு மாடியில் இருந்தது. சந்தாவுமில்லை, முன்பணமுமில்லை, பைசாச் செலவு கிடையாது. ஆனால் தீபாவளிக்கு முதல் பட்சணத் தட்டு எங்கே போகும்? எதிர் மாடிக்கு. அந்த வீட்டுப் பெண்களின் ரவிக்கைக்குத் தையற்கூலி கேட்கலாமா? கேட்கலாகாது. மத்தியானம் அவர்கள் தூங்கும் நேரத்தில் மணி அடித்தால், மறுநாள் அந்த மாமியின் முகத்தில் தெரியும். "கல்யாண வீட்டு ஆர்டராம், கொஞ்சம் சீக்கிரம் வாடி" என்று அவர் ஜன்னலிலிருந்து கூவும்போது, தெருவுக்கே சித்தியின் வரவு செலவு தெரிந்துவிடும். அவர் கெட்டவர் அல்ல. எனக்குத் தெரிந்து ஒரு நாளும் கூப்பிட மறுத்ததில்லை. இருந்தாலும் என் சித்தி படியேறும்போது தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறுவாள். அந்தக் கட்டணத்துக்கு எந்த இலாகாவும் ரசீது கொடுத்ததில்லை.

சொந்தமாக டெலிபோன் வாய்த்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. டயலுக்குப் பூட்டுப் போட்டார்கள். வீட்டுப் பையன்களோ, ரிஸீவர் வைக்கும் கொக்கியை நம்பருக்குத் தகுந்தபடி தட்டித் தட்டியே, பூட்டைத் தொடாமல் பேசினார்கள்! டயல் செய்வதும் லயனை விட்டுவிட்டுத் துண்டிப்பதுதான் என்ற சூட்சுமம் அவர்களுக்கு யார் சொன்னதோ.

மாறுதல் 1984-ல் தொடங்கியது. ஸாம் பிட்ரோடாவின் ஆலோசனையோடு ஸிடாட் என்ற ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. குளிர்சாதனம் இல்லாமலே வெயிலிலும் தூசியிலும் வேலை செய்யும் 128 லயன் கிராம எக்ஸ்சேஞ்சை அது செய்தது. சில வருஷங்களில் தெருமுனைகளிலெல்லாம் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. இரவு முற்றினால் கால் கட்டணம் என்று, வெளியூர் வியாபாரத்தைப் பேச ஜனங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும். பேசுகிறவரின் கண் எதிராளியின் பேச்சில் இராது, மீட்டரில்தான் இருக்கும். ஆயினும் காசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம். பி.பி. நம்பருக்கும் பூத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இதைக்கொண்டே அளக்கிறேன்.

1995-ல் வந்த கைப்பேசி முதலில் பணக்காரர் பொம்மை. கூப்பிட்டவரும் கட்டவேண்டும், கேட்டவரும் கட்டவேண்டும். 2003-ல் கேட்பவருக்குக் கட்டணம் இல்லையென்று ஆனபோதுதான் அது பூக்காரியின் சுருக்குப்பைக்குள் புகுந்தது. நம்மவர்கள் அதிலும் ஒரு மலிவைக் கண்டுபிடித்தார்கள்: மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் 'துணி தயார்', இரண்டு அடித்தால் 'நாளை வா'. கம்பெனிக்கு ஒரு பைசா கிடையாது.

பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் கால் சென்டர்காரர்களுக்கு மட்டும் வீடு வெகுநாள் எட்டாமலே இருந்தது. ஆளை வீட்டில் உட்கார்த்திப் பேச வைக்க வேண்டுமானால் கம்பெனி பிணைத்தொகை கட்டவேண்டும் என்று சர்க்கார் விதி இருந்தது. 2020 மார்ச்சில் அதைத் தளர்த்தினார்கள். நவம்பரில் புதிய விதிகள் வந்து அந்தச் சங்கடத்தைத் தீர்த்தன. தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி படுக்கையறை மூலையில் அமர்ந்து இப்படித்தான் சம்பாதிக்கிறாள். லயனைப் பற்றி அவளுக்குக் குறையே கிடையாது. "மாமா, வீட்டிலே கதவு உள்ள அறை இது ஒன்றுதான், என் டூட்டி முடிகிற வரைக்கும் மாமியார் கூடத்திலே படுத்துக்கொள்கிறார்" என்றாள்.