ஸ்கைசோடாக்டைலஸ்: மணலில் வாழும் நீள்கொம்புப் பூச்சி

ஸ்கைசோடாக்டைலஸ் என்பது மணலில் வளை தோண்டிப் பகலெல்லாம் பதுங்கி, இரவில் இரை தேடும் அரிய பூச்சிப் பேரினம். ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் உழவர்கள் காணும் பிள்ளைப்பூச்சியும் வீட்டு மூலையில் கத்தும் சுவர்க்கோழியும் இதற்குத் தூரத்து உறவு. மூன்றும் நீண்ட உணர்கொம்புள்ள என்சிஃபெரா துணைவரிசையைச் சேர்ந்தவை. கூட்டமாக வந்து பயிரை அழிக்கும் பாலைவன வெட்டுக்கிளியோ குட்டைக் கொம்புடைய வேறு துணைவரிசை.

தூத்துக்குடிக்குத் தெற்கே தேரியில் நடந்தவர்களுக்கு, செம்மணலில் கால் புதைவது தெரியும். இந்தப் பூச்சிக்கு அந்தச் சிரமம் இல்லை. பாதக் கணுக்களின் இருபுறமும் மடல்கள் விரிந்து, உடல் எடையை மணல்மேல் பரப்பிவிடுகின்றன. பேரினத்தின் பெயருக்கே ‘பிளந்த விரல்’ என்றுதான் பொருள். இந்திய இனத்துக்கு இன்னொரு விந்தையும் உண்டு: நீண்ட இறக்கைகளின் நுனி, ஓலைப்பாயைச் சுருட்டியதுபோல முதுகின் பின்முனையில் சுருண்டிருக்கும்.

அந்த உருவத்தைக் கண்டு மிரண்டார்களோ என்னவோ, 18ஆம் நூற்றாண்டில் அதற்கு ‘மான்ஸ்ட்ரோசஸ்’, அதாவது அரக்கத்தனமானது, என்ற இனப்பெயர் கிடைத்தது. பெயரிட்டவர் துரூ துரூரி, லண்டன் வெள்ளிப் பட்டறைக்காரர். கப்பலோட்டிகள் கொண்டுவந்த பூச்சிகளைச் சேர்த்தவர். பேரினத்தை 1835இல் பிரான்சின் புருல்லே தனியே நிறுவினார். பீகாரின் ஆற்று மணலில் வாழும் மக்களுக்கு அது முன்பே ‘பேர்வா’. தொலைவிலுள்ள ஆய்வாளர்களைவிட அவர்களுக்கே அது நெருக்கம் என்பது என் எண்ணம். துருக்கி இனத்தை வெர்னர் 1901இல் விவரித்தார். தென்னாப்பிரிக்க மணல்வெளியில் வாழும் காமிக்கஸ் நெருங்கிய உறவுப் பேரினம். அதற்கு இறக்கையே இல்லை.

எல்லாவற்றையும்விட வியப்பானது பிரேசிலில் கிடைத்த கல்லுரு. வடகிழக்கே கிராட்டோ சுண்ணாம்புப் பாறையில் பதிந்திருந்த அதை 2007இல் மார்ட்டின்ஸ் நெட்டோ ‘பிரௌக்மானியா’ என்று வேறொரு குடும்பத்தில் வைத்தார். 2011இல் சாம் ஹெட்சும் லியா லியூசிங்கரும் மீண்டும் ஆராய்ந்து, அது ஸ்கைசோடாக்டைலஸ்தான் என்று காட்டினார்கள். பாறைக்கு வயது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் அடங்கிய கோண்டுவானாப் பெருநிலம் உடைந்துகொண்டிருந்த காலம் அது. அன்றிலிருந்து இப்பூச்சியின் உருவம் பெரிதாக மாறவில்லை. இன்று இந்தப் பேரினம் பிரேசிலில் இல்லை. கங்கைச் சமவெளி மணலில் அது இன்னும் வளை தோண்டிக்கொண்டிருக்கிறது.