பினாங்கு லிட்டில் இந்தியாவில் அச்சுப்படங்களும் அவற்றின் ஓவியர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் மார்க்கெட் வீதி, குயின் வீதி, கிங் வீதி, பினாங்கு வீதி, சூலியா வீதி ஆகியவற்றை ஒட்டி அமைந்த பகுதி இன்று 'லிட்டில் இந்தியா' என வழங்கப்படுகிறது. துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, பூக்கடை ஆகியவற்றுக்கு இடையே பூசைப்பொருள் விற்கும் கடைகளும் அங்கு உண்டு. அக்கடைகளில் முருகன், இலக்குமி, மாரியம்மன், பிள்ளையார் படங்கள் சட்டமிடப்பட்டுத் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். புதுமனை புகுவோரும் புதுக்கடை திறப்போரும் முதலில் வாங்கும் பொருள்களுள் ஒன்று சாமி படம். வாங்குவோர் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பர்; படத்தின் அளவைச் சொல்லிக் கேட்பர். வரைந்தவர் யார் என்று கேட்பது வழக்கமில்லை.

இப்படங்களை வரைந்தவர் யார்? அவர்களின் பெயர்கள் ஏன் மறைந்தன? அப்பெயர்களை இன்று எவ்வாறு மீட்கலாம்? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழர் புலம்பெயர்வின் வரலாறு ஆவணங்களிலும் கோயில் கல்வெட்டுகளிலும் மட்டும் அடங்குவதன்று. வீட்டுச் சுவரில் தொங்கிய காகிதப் படமும் அவ்வரலாற்றுக்கு ஒரு சான்றே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆங்கிலேயர் காலத்து அச்சுப்படங்கள்

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய பின்னர், அதன் தோற்றத்தை ஐரோப்பியர் படங்களாக வரையத் தொடங்கினர். அவற்றுள் குறிப்பிடத்தக்கவை கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்தவை. ஸ்மித் வங்காளப் படையின் பொறியாளர். 1816 முதல் 1818 வரை கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயத்தோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அவருடைய ஓவியங்களைக் கொண்டு வில்லியம் டேனியல் 1821-இல் செப்புத்தகட்டு அச்சுப்படங்களை உருவாக்கி வெளியிட்டார். இவ்வில்லியம் டேனியல் தமிழகத்துக்குப் புதியவர் அல்லர். தம் சிற்றப்பரான தாமஸ் டேனியலுடன் 1792, 1793 ஆண்டுகளில் மதுரை, இராமேசுவரம், தஞ்சை, மாமல்லபுரம் முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் மலைகளையும் வரைந்தவர். மாமல்லபுரத்தை ஐரோப்பியருக்குக் காட்டிய அதே கை பினாங்கையும் அச்சில் காட்டியது நினைக்கத்தக்கது.

இப்படங்களின் பொருள் யாது? மலையுச்சியிலிருந்து காணும் நகரம், கம்பெனி அதிகாரிகளின் மாளிகைகள், வாசனைப்பொருள் தோட்டம், அருவி, பெருமரம் ஆகியவையே அவற்றில் முதன்மை பெறுகின்றன. மனிதர் சிற்றுருவங்களாகவே தோன்றுவர். 1801-இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி அப்போதே தென்னிந்திய வணிகரின் குடியிருப்பு உருவாகியிருந்தது. எனினும் அக்குடியிருப்பின் அன்றாட வாழ்வு இப்படங்களின் நோக்கமாக இருக்கவில்லை. ஆயினும் வரைந்தவர் பெயர், செதுக்கியவர் பெயர், வெளியிட்ட ஆண்டு ஆகிய மூன்றும் ஐயமின்றி நமக்குக் கிடைக்கின்றன. ஸ்மித்தின் எண்ணெய்வண்ண ஓவியங்கள் பல பினாங்கு மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பாதுகாக்கப்பட்டுள்ளன. தமிழர் வீடுகளில் தொங்கிய படங்களுக்கு இந்நற்பேறு வாய்க்கவில்லை.

கல்லச்சும் ரவிவர்மா படங்களும்

தெய்வ உருவம் பொதுவாகக் கோயிலில் காண்பதற்குரியதாக இருந்தது. ஓவியமாக அதனை வீட்டில் வைத்துக்கொள்ளுதல் வசதி படைத்தோர்க்கே இயலும். தஞ்சாவூர் ஓவியமும் கண்ணாடி ஓவியமும் ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்பட்டவை, விலை மிகுந்தவை. இந்நிலையைக் கல்லச்சு மாற்றியது. எண்ணெய்ப்பசையும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டது அம்முறை. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் பசைமையால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடம் மட்டுமே மையை ஏற்கும். வண்ணப்படமாயின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின் மேல் இம்மியும் பிசகாமல் அழுத்தப்பட வேண்டும்.

ஓவியர் இராஜா ரவிவர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் இத்தகைய அச்சகத்தை நிறுவினார். அவருடைய இலக்குமியும் சரசுவதியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி எளிய வீடுகளையும் அடைந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைகருக்கு விற்கப்பட்டது. அதன் பின்னர் பிறர் வரைந்த படங்களும் அதே அச்சகப் பெயரோடு வெளிவந்தன. நாளடைவில் 'ரவிவர்மா படம்' என்பது ஓர் ஓவியரின் படைப்பைக் குறிக்கும் நிலையிலிருந்து மாறி, ஒருவகைப் படத்தின் பொதுப்பெயராயிற்று. பெயர் நிலைத்த ஒரே ஓவியரின் நிழலில் பலர் பெயர் மறைந்த கதை இங்குத் தொடங்குகிறது.

தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையிலான கப்பல் வழியில் பினாங்கு முக்கியத் துறைமுகம். 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து புறப்பட்டுப் பினாங்கில் நின்று சிங்கப்பூர் சென்றது. தொழிலாளரும் வணிகரும் வந்த அதே கப்பல்களில் வெற்றிலை, பட்டு, பித்தளைப் பாத்திரம், நூல், இதழ் ஆகியவற்றோடு சாமி படங்களும் வந்திருக்கும் எனக் கொள்ளுதல் பொருத்தமே. சுருட்டி வைத்தால் கைப்பெட்டியில் அடங்குவது காகிதப்படம். ஊர்க்கோயிலைக் கொண்டுவர இயலாதவன் ஊர்த்தெய்வத்தின் படத்தைக் கொண்டுவர இயலும்.

கோவில்பட்டி ஓவியர்கள்

ரவிவர்மாவுக்குப் பின் தமிழர் வீடுகளில் பெருவழக்குப் பெற்ற படங்கள் திருநெல்வேலிச் சீமையின் கோவில்பட்டியில் பிறந்தவை. இம்மரபின் முதல்வர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்ற இவர், சில காலம் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் தங்கி இரமணரின் உருவத்தை வரைந்தார். பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை எழுதுபவராக ஊர் ஊராகச் சென்றார். 1940-களில் குழு கலையவே கோவில்பட்டியிலேயே தங்கி ஓவியக்கூடம் அமைத்தார். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் முதலியோர் அவரிடம் பயின்றனர். ஆசிரியர், மாணவர் இருவர் கையெழுத்தும் ஒரே படத்தில் இடம்பெறுவது இக்கூடத்தின் தனிவழக்கம்.

நாடகத்திரை எழுதிய பயிற்சி இவர்களின் படங்களில் வெளிப்படுகிறது. தெய்வத்துக்குப் பின்னே தூண் வரிசையும் சோலையும் அருவியும் மலையும் அடுக்கடுக்காக விரியும். ஆனால் உருவ அமைப்பில் இவர்கள் ரவிவர்மாவிடமிருந்து வேறுபட்டனர். ரவிவர்மா புராணக் கதையின் ஒரு கணத்தைக் காட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். அவருடைய மாந்தர் ஒருவரையொருவர் நோக்குவர். கொண்டையராஜுவின் தெய்வமோ பெரும்பாலும் நேர்முகமாக நின்று காண்பவரை நோக்கும். கோயில் கருவறையில் பெறும் தரிசனத்தின் அமைப்பு அது. வழிபாட்டுக்கு உரிய படம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை அறிந்து செய்த மாற்றம் இது. கோயிலிலிருந்து தொலைவில் வாழ்ந்த மலாயாத் தமிழரின் வீட்டுப் பூசையறைக்கு இவ்வகைப் படம் மிகவும் பொருந்தியதில் வியப்பில்லை.

அருகிலுள்ள சிவகாசி, 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய ஊர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் சீட்டுகளின் தேவை அங்கு அச்சுத்தொழிலை வளர்த்தது. கல்லச்சிலிருந்து ஆப்செட் அச்சுக்கு மாறிய அவ்வூர், நாள்காட்டியாலும் சாமி படத்தாலும் பெயர் பெற்றது. கோவில்பட்டி ஓவியர் எந்த அச்சகத்திலும் மாதச் சம்பளத்தில் அமர்ந்தவர் அல்லர். தம் கூடத்தில் வரைந்து அச்சகத்தாருக்கு விற்ற தனித்தொழில் ஓவியர். மூல ஓவியத்துக்குப் பொதுவாக ஒருமுறை மட்டுமே கூலி கிடைக்கும். அதன்பின் படம் இலட்சம் படிகள் விற்றாலும் உரிமை அச்சகத்தாருக்கே. மறுபதிப்பில் ஓரம் வெட்டப்பட்டால் கையெழுத்தும் வெட்டுண்டு போகும். பிறர் அதனைப் பார்த்து வரைந்து வெளியிட்டால் கையெழுத்து அறவே இராது. பெயர் மறைந்தமைக்கு ஓவியரின் தன்னடக்கத்தை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. தொழிலின் அமைப்பே முதற்காரணம் எனலாம்.

இப்படங்கள் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியவை அல்ல. வேளாங்கண்ணி மாதாவும், மக்கா, மதீனா காட்சிகளும், ஐந்து மினாராக்கள் உயர்ந்த நாகூர் தர்காவும் இதே அச்சுமரபில் வந்தன. சூலியா வீதியில் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த தர்காவும், 1833-இல் கட்டப்பட்ட குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலும் அருகருகே நிலவும் இப்பகுதிக்கு இவ்வச்சுமரபு இயல்பாகவே பொருந்துகிறது.

ஓரத்தில் உள்ள சான்றுகள்

பழைய படம் ஒன்று கிடைத்தால் அதன் ஓவியரை அறிவது எவ்வாறு? முதலில் கீழ்ப்பகுதியின் இரு மூலைகளையும் காண வேண்டும். கையெழுத்து பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், ஊர்ப்பெயருடன், தாமரை இதழிலோ படிக்கட்டிலோ கலந்திருக்கும். அடுத்து, படத்துக்கு வெளியே உள்ள வெள்ளை ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் படத்தின் எண்ணும் இருக்கக்கூடும். சட்டமிடுவோர் இவ்வோரத்தையே மடித்து மறைப்பர் என்பதால் சட்டத்தைக் கழற்றிப் பார்ப்பது இன்றியமையாதது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால் கல்லச்சில் ஒழுங்கற்ற மணல்போன்ற புள்ளிகளும், ஆப்செட் அச்சில் வரிசையான நுண்புள்ளிகளும் தெரியும். காலத்தை ஓரளவு கணிக்க இது உதவும். சரிகையும் மணியும் துணியும் ஒட்டி அணி செய்யப்பட்ட படமாயின், அது வாங்கியவர் வீட்டுப் பெண்டிரின் கைவேலையாகவும் இருக்கலாம். சட்டத்தின் பின்புறத்தில் கடைச்சீட்டு ஒட்டப்பட்டிருப்பின், படம் எந்த ஊரில் சட்டமிடப்பட்டது என்பதும் புலனாகும். நாள்காட்டிப் படமாயின் கீழே அச்சிட்ட வணிகர் பெயரும் முகவரியும் அப்பகுதியின் வணிக வரலாற்றுக்கே சான்றாகும்.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

தமிழர் ஓவியரின் பெயரை அறியும் பழக்கம் அற்றவர் அல்லர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்குப் படம் வரைந்த மணியம், கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியமாக்கிய சில்பி, நகைச்சுவைப் படங்களால் புகழ்பெற்ற கோபுலு ஆகியோரின் பெயர்களை வாசகர் நன்கு அறிவர். இதழ் ஓவியரின் கையெழுத்தைத் தேடிப் படித்த அதே கண், பூசையறைப் படத்தின் கையெழுத்தைக் காணவில்லை. வழிபாட்டுக்குரியதில் தெய்வத்தைக் காண்பதே முறை, வரைந்தவனைக் காண்பதன்று என்னும் உணர்வு இதற்கு ஒரு காரணமாகலாம்.

பினாங்கோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. இராமநாதபுரப் பகுதியின் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் ஓவியர் சையத் தாஜுதீன். கொண்டையராஜு பயின்ற சென்னைக் கலைப்பள்ளியே அவரும் பிற்காலத்தில் பயின்ற இடம். அனுமன் சீதையைக் காணும் இராமாயணக் காட்சியை அவர் 1972-இல் பெரிய ஓவியமாக வரைந்தார். அது மலேசியத் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. ஒரே பள்ளியில் பயின்ற இருவருள் ஒருவரின் படைப்பு கலைக்கூடத்தில் பெயர்ப்பலகையோடு விளங்குகிறது. மற்றவரின் படைப்பு எண்ணற்ற வீடுகளில் பெயரின்றி விளக்கொளி பெற்றது. இரண்டும் தமிழர் கலை வரலாற்றில் இடம்பெறத் தக்கவையே.

இழப்பின் காலம்

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பல்லாண்டு குடியிருந்தோரைக் காத்தது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டத்தின் காப்பு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுற்றது. வாடகை உயரவே பழங்குடியினர் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். வீடு மாறும்போது கட்டிலும் பீரோவும் உடன் செல்லும். நிறம் மங்கிக் கறையான் அரித்த சாமி படம் அரசமரத்தடியிலோ நீர்நிலையிலோ விடப்படும். தெய்வப்படத்தைக் குப்பையில் எறியலாகாது என்னும் பக்தியால் செய்யப்படுவது அது. ஆயினும் வரலாற்றுச் சான்று ஒன்று அவ்வாறே அழிகிறது.

2008 ஜூலை 7-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்கப்பட்டது. அதனால் கடைவீட்டின் முகப்புக்கும் ஐந்தடி நடைபாதைக்கும் காப்புக் கிடைத்தது. உள்சுவரில் தொங்கிய படத்துக்கு அக்காப்பு இல்லை. 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள் இந்நகருக்குப் புதிய புகழைத் தந்தன. அவற்றின் ஓவியர் பெயரைச் சுற்றுலாப் பயணியரும் அறிவர். சுவரின் வெளிப்புறத்து ஓவியருக்குக் கிடைத்த இம்மதிப்பு, அதே சுவரின் உட்புறத்து ஓவியருக்கும் கிடைப்பதே நேர்மை.

முடிவுரை

ஸ்டீபன் இங்கிலிஸ் கொண்டையராஜுவைப் பற்றியும், கிறிஸ்தோபர் பின்னி, கஜ்ரி ஜெயின் ஆகியோர் இந்திய அச்சுப்படங்களைப் பற்றியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வாய்வுகளின் களம் பெரும்பாலும் இந்தியா. கடல் கடந்த வீடுகளில் அப்படங்கள் பெற்ற வாழ்வை ஆராயும் கடமை மலேசியத் தமிழ் மாணவருக்கு உரியது. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பழைய படத்தைக் கைவிடுமுன் அதன் முன்பக்கத்தையும் ஓரத்தையும் பின்பக்கத்தையும் நிழற்படம் எடுத்தல், யார் எப்போது எங்கு வாங்கியது என வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதுதல், கையெழுத்தைப் படித்துப் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் போதும். படம் அதன் மரபுப்படி நீரில் சேரலாம். வரைந்தவர் பெயரும் உடன் சேர வேண்டியதில்லை.