நாடோடி ஓவியர் றூபஸ் போர்ட்டர்

அமெரிக்க மிஷனரிமாரின் பெயர்களை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். 1816 இல் இலங்கைக்கு வந்து தெல்லிப்பழையிற் பணி தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவிய டானியல் பூவர் பிறந்தது, மசசூசெற்ஸ் மாநிலத்தின் எசெக்ஸ் மாவட்டத்தில். அதே மாவட்டத்துப் பொக்ஸ்பேட் என்னும் ஊரில் 1792 இல் பிறந்தவர் றூபஸ் போர்ட்டர். முன்னவர் நூல்களோடு கடல் கடந்தார். பின்னவர் வர்ணக் கிண்ணங்களோடு கிராமங்கள்தோறும் அலைந்தார். முன்னவரைப் பற்றிப் பாடசாலையில் வேண்டிய அளவு கேட்டிருக்கிறோம். பின்னவரைப் பற்றி எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

போர்ட்டரின் கல்வி மிகச் சொற்பம். அக்கடமி ஒன்றிற் சில மாதங்கள் படித்ததோடு சரி. சப்பாத்துத் தொழில் பழகச் சென்று, அதனை விட்டுக் குழலும் பிடிலும் வாசித்தார். போட்லண்ட் நகரில் வீடுகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் தீந்தை பூசினார். பின்னர் ஊர் ஊராகச் சென்று 20 சதத்திற்கு நிழலுருவம் வெட்டிக் கொடுத்தார். இத்தகையவர் 1824 ஆம் ஆண்டளவில் மனிதர் முகங்களை விட்டு வீட்டுச் சுவர்களிற் கைவைத்தார். அன்றிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நியூ இங்கிலாந்து மாநிலங்களின் வீடுகளும் சத்திரங்களுமே அவருடைய ஓவியக்கூடங்கள்.

அக்காலச் செல்வர் தம் வரவேற்பறைகளில் பிரெஞ்சு நாட்டுக் காட்சிக் கடதாசிகளை ஒட்டுவது வழக்கம். சூபர் தொழிற்சாலை 1834 இல் வெளியிட்ட வட அமெரிக்கக் காட்சிக் கடதாசி ஒன்றிற்கு மாத்திரம் 1,600 க்கு மேற்பட்ட மர அச்சுக்கள் தேவைப்பட்டனவாம். விவசாயியும் கிராமத்து வைத்தியரும் அவற்றுக்கு எங்கே போவர்? போர்ட்டரின் கலை பிறந்தது இந்த இடைவெளியிலேதான்.

அவருடைய முறை வெகு எளிது. ஒரு கலன் தண்ணீரில் அரை இறாத்தல் வச்சிரத்தைக் கரைத்து, அதில் வர்ணப் பொடிகளைக் குழைத்துக்கொள்வார். அறையைச் சுற்றி நெஞ்சளவு உயரத்தில் ஒரு கோடு, அதுவே அடிவானம். மேலே நீல வானம். தொலைவிலுள்ள குன்றுகள் மங்கலாகவும், கிட்டியவை அழுத்தமாகவும் அமையும். நடுத் தூரத்தில் பண்ணைகள், வேலிகள், வீடுகள். முன்புறத்திலோ கூரைத்தட்டை எட்டும் பெருமரங்கள். வீட்டையும் கப்பலையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைந்து நேரம் போக்கமாட்டார். வெட்டிய அச்சுத்தகட்டை வைத்துத் தூரிகையால் ஒற்றிவிடுவார். ஓர் அறையின் நான்கு சுவர்களையும் ஐந்து மணித்தியாலத்துக்குள் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அவசர வேலை என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். யான் அவ்வாறு கருதவில்லை. அச்சுக் கடதாசிகளில் உரோமாபுரியின் இடிபாடுகளும் துருக்கியர் மாளிகைகளும் காட்சியளித்த காலத்தில், போர்ட்டர் தீட்டியது போட்லண்ட் துறைமுகத்தையும் அதன் தீவுகளையும், 1807 இல் அங்கே குன்றின்மேற் கட்டப்பட்ட அவதானிப்புக் கோபுரத்தையுமே. மேட்டு நிலத்து அமெரிக்கப் பண்ணையைப் போல ஓவியத்துக்கு உகந்த காட்சி உலகில் வேறில்லை என்பது அவர் துணிபு. தன் வயலும் தன் வேலியும் சுவரில் வைத்துப் பார்க்கத் தக்கவை என்று ஒரு விவசாயிக்குக் காட்டுவது சிறு காரியமா?

இனி, அவர் செய்த மற்றொரு காரியம் சிந்தனைக்குரியது. தொழில் நுட்பத்தை மறைத்து வைப்பதே கைவினைஞர் இயல்பு. நம்மவரிற் பலர் மகனுக்குங்கூட முழுவதையும் சொல்லார். போர்ட்டரோ 1825 இல் வெளியிட்ட கைந்நூலில் சுவரோவிய முறையை வச்சிரத்தின் அளவு முதற்கொண்டு அச்சிட்டு விற்றார். 1845 ஆகஸ்ட் 28 ஆந் திகதி 'சயன்ரிபிக் அமெரிக்கன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவரும் இவரே. அதிலும் இக்கலையைப் படிப்படியாக விளக்கிக் கட்டுரைகள் எழுதினார். அடுத்த ஆண்டே பத்திரிகையை விற்றுவிட்டு, நியூ யோர்க்கிலிருந்து கலிபோர்ணியாவுக்கு மூன்று நாளிற் செல்லும் ஆகாயக் கப்பலைப் பற்றி எண்ணலானார். சிறு மாதிரிகள் பறந்தன. பெரிய கப்பல் பறக்கவேயில்லை. பத்திரிகை மாத்திரம் இன்றும் வெளிவருகின்றது.

கலையைத் தாராளமாக வழங்கியதன் பயன் இருவகையாயிற்று. அவருடைய மருமகன் ஜொனதன் பூவர் முதலியோர் அதே மரங்களையும் அதே துறைமுகத்தையும் வேறு வீடுகளிலே தீட்டினர். கலை பரவியது, ஆனால் போர்ட்டரின் பெயர் மறைந்தது. ஏனெனில், அவர் பெரும்பாலும் கையொப்பமிட்டாரல்லர். 1884 இல் 92 வயதில் அவர் இறந்தபின் வீட்டுக்காரர் பலர் ஓவியங்களின்மேற் கடதாசியை ஒட்டினர். சிலர் தீந்தை பூசினர். 1926 இல் எட்வேட் அலன் எழுதிய நூலும், 1968 இல் ஜீன் லிப்மன் அம்மையார் வெளியிட்ட வரலாறுமே அவரை மீட்டன. எந்தச் சுவர் மாமனுடையது, எந்தச் சுவர் மருமகனுடையது என்ற வழக்கோ இன்னும் ஓயவில்லை. பழைய கடதாசியை உரித்த வீடுகளில் அடியிலிருந்து மரங்களும் கப்பல்களும் வெளிப்பட்டதுமுண்டு.

மசசூசெற்ஸின் வெஸ்ற்வூட் கிராமத்தில், பிரான்சிஸ் ஹோ என்ற வைத்தியரின் வீட்டுச் சுவரில் மாத்திரம் ஐயத்துக்கு இடமில்லை. அங்கே போர்ட்டர் தம் பெயரையும் மகன் ஸ்ரீபனின் பெயரையும் 1838 என்ற ஆண்டையும் பொறித்திருக்கிறார். அவ்வோவியங்கள் பின்னர் வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, மெயின் மாநிலத்தின் பிறிட்ஜ்ரன் நகரில் அவர் பெயரால் அமைந்த நூதனசாலையில் வைக்கப்பட்டன. அவர் சிறுவனாய் வாழ்ந்த ஊர் அது.