தவிலின் வாரும் திருகாணியும்

சங்கரன்கோவில், திருவேங்கடம் வட்டாரக் கோயில் கொடைகளில் நாகசுரத்துக்குத் துணைநிற்கும் தவில், ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து எடுக்கும் கட்டையை உடலாகக் கொண்டது. விரல்களால் வாசிக்கும் வலந்தலை, கோலால் அடிக்கும் தொப்பி ஆகிய இருமுகத் தோல்களும் பருத்த வளையங்களில் ஏற்றப்பட்டு, தோல்வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஈரக்காற்றில் வார் தளர்ந்து சுருதி இறங்குமாதலால், அதை மீண்டும் இழுத்துக் கட்டுவது பெரும் உழைப்பாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் வாரின் இடத்தை இரும்பு வளையமும் திருகாணியும் பிடித்தன. கட்டையின் வடிவத்தைத் தொடாமலேயே நிகழ்ந்த இம்மாற்றமே தவில் வரலாற்றில் மிகப் பெரியது எனலாம். ஏனெனில், கலைஞரே திருகாணியை முடுக்கி விரைவில் சுருதி சேர்க்க முடிந்தது. ஆயினும், வார் பிடிக்கும் அரிய கைவினைக்கு வேலை குறைந்தது பேரிழப்பே. பூவரசங்கழியில் செய்த கோலும், விரல்களில் மாட்டும் கூடுகளும் இன்றும் வழக்கில் உள்ளன.